மொட்டைக் கடிதமும் முந்நூறு ஜாடிகளும்

மனிதர்கள் எதையெதையோ வளர்க்கிறார்கள். ஆடு வளர்க்கிறார்கள், மீன் வளர்க்கிறார்கள், தாடி வளர்க்கிறார்கள். நான் கொசு வளர்த்தேன். வேண்டுமென்று வளர்க்கவில்லை. ஆனால் வளர்த்த இடம் அப்படிப்பட்டது. வேறு எங்கே வளர்த்திருந்தாலும் இந்நேரம் ஊர் மறந்திருக்கும். எட்டு வருஷம் ஆகிவிட்டதால் நானே சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். (சொல்லாவிட்டாலும் விருத்தாசலத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பாதிக்கு என் மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.)

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. செராமிக் எஸ்டேட்டில் மின்சாரப் பெட்டிக்கான ஃபியூஸ் கேரியர் செய்கிற ஒரு சின்ன யூனிட்டில் வேலை. வெந்து வரும் பீங்கானை வைக்கோல் வைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கி, உடையாமல் லாரி ஏற்றிவிட வேண்டும். ஸ்டெல்லாவைக் கல்யாணம் செய்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள்.

பக்கத்து வீடு ஜரினா அக்காவுடையது. மங்கலம்பேட்டைக்காரர், கணவர் குவைத்தில். யூனிட்களில் கழித்துப்போடும் பீங்கான் சாமான்களை அக்கா மொத்தமாக வாங்கி வந்து வாசலில் அடுக்கி விற்பார். வாய் கோணிய ஊறுகாய் ஜாடி, காது சாய்ந்த டீ கப், ஒரு பக்கம் மட்டும் மீசை வைத்த பொம்மை எல்லாம் இருக்கும். எங்கள் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் எந்நேரமும் முந்நூறு ஜாடியாவது நிற்கும்.

அந்த ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் மாத்திரை போட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலை எழுந்து நின்றவன் அப்படியே பீரோவில் சாய்ந்து, பீரோவோடு கட்டிலில் விழப் பார்த்தேன். ஸ்டெல்லா போட்ட கூச்சலில் ஓடி வந்த ஜரினா அக்காதான் ஆட்டோ கூப்பிட்டு, என்னைத் தோளில் சாத்தி உட்கார வைத்து, ஆஸ்பத்திரி வரை வந்தார்.

டெங்கு.

ஆறு நாள் படுக்கை. ஆறு நாளும் அக்கா தூக்கில் கஞ்சி கொண்டு வந்தார். நான் முகம் சுளிப்பேன். "புடிக்குதோ புடிக்கலையோ, குடிங்க தம்பி. உள்ள ஒரு புள்ளைய வெச்சிக்கிட்டு அவ ஒருத்தி எத்தினி பேரைப் பார்ப்பா?" என்பார். குடித்தேன்.

என் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. கால்களில் வெள்ளை வரி போட்ட கொசு ஒன்று, கன்றுக்குட்டி அளவுக்கு. சுற்றிலும் அது முட்டையிடும் இடங்கள்: பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, ஆட்டுக்கல், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்னாடி தண்ணீர் சேரும் தட்டு. சாக்கடையில் அது முட்டையிடாது. நல்ல தண்ணீர்தான் வேண்டும், அதுவும் தேங்கி நிற்க வேண்டும். ஒரு வாரம் பத்து நாள் போதும், புழு கொசுவாகிப் பறந்துவிடும். அந்த ஆறு நாளில் இதை ஒரு ஆயிரம் தடவை படித்திருப்பேன். பள்ளிக்கூடத்தில் இந்த மாதிரிப் படித்திருந்தால் நான் வைக்கோல் திணிக்கிற வேலைக்கு வந்திருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்தது நோயாளி இல்லை. கொசு ஒழிப்பு இயக்கத்தின் தலைவர், செயலாளர், ஒரே உறுப்பினர். ஸ்டெல்லாவை ஒரு கொசு கடித்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் என்னை ஆட்டி வைத்தது. பயம் நிஜம். அதை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டம்தான் அநியாயம்.

ஃபிரிட்ஜை இழுத்துத் தட்டைக் கழுவினேன். மாடித் தொட்டி மூடிக்குத் துணி கட்டினேன். பூந்தொட்டித் தட்டுகளைத் தூக்கி எறிந்தேன். குருவிக்கு ஸ்டெல்லா வைத்த தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்த்தேன். அவள் குளிக்கப் பிடித்து வைத்த வாளியை, துண்டு எடுக்கப் போன இடைவெளியில் கொட்டினேன். ஒரு மத்தியானம் இட்லிக்கு ஊறிக்கொண்டிருந்த உளுந்துத் தண்ணீரையும் கொட்டினேன். அதோடு உளுந்தும் போனது.

"என்னாங்க, அது ஊற வெச்சு அரை மணி நேரந்தான் ஆவுது!"

"எல்லாம் அரை மணி நேரத்துலதான் ஆரம்பிக்குது ஸ்டெல்லா" என்றேன். (இந்த வசனத்தை நான் பேசியபோது ஒரு கையை இடுப்பில் வைத்திருந்ததாக அவள் சொல்கிறாள். நினைவில்லை. வைத்திருக்க வாய்ப்புண்டு.)

வீடு சுத்தமானதும் என் பார்வை மதிலைத் தாண்டியது. அந்தப் பக்கம் முந்நூறு ஜாடி. முந்நூறு வாய். மழைக்காலம். என்னைக் கடித்த கொசு எங்கே பிறந்தது என்பதில் எனக்குத் துளிச் சந்தேகம் இல்லாமல் போயிற்று. மதிலில் ஏறி ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம். கஞ்சித் தூக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நின்று பார்த்திருக்கலாம். வாய் திறந்து கேட்டிருக்கலாம். இத்தனை வழி இருந்தும் நான் நகராட்சிக்கு ஒரு மனு எழுதினேன். ஆறு நாள் கஞ்சி குடித்த வாயோடு, எதிர்த்த வீட்டுப் பிள்ளையின் ரூல்டு நோட்டில் ஒரு தாள் கிழித்து வாங்கி, "எங்கள் தெருவில் பீங்கான் ஜாடி வியாபாரம் என்ற பெயரில் கொசுப் பண்ணை ஒன்று நடைபெற்று வருகிறது" என்று ஆரம்பித்து, கீழே "இப்படிக்கு, பொதுமக்கள்" என்று போட்டேன்.

நான்கு நாளாகியும் யாரும் வரவில்லை. பொறுக்க முடியாமல் நகராட்சிக்குப் போன் போட்டேன்.

"சார், ஒரு மனு குடுத்திருந்தோம். என்னா ஆச்சுன்னு கேக்கலாம்னு."

"யாருங்க பேசறது?"

"பொதுமக்கள் பேசறேங்க."

"சரிங்க பொதுமக்கள், பாக்கறோம்" என்று போனை வைத்துவிட்டார்கள்.

இதற்கிடையில் எங்கள் பங்குக் கோயிலில் எனக்குப் பெயர் கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் நாலு பேரை நிறுத்தி வைத்து ஃபிரிட்ஜ் தட்டைப் பற்றி விளக்குவேன். பங்குச் சாமியார் இதைப் பார்த்துவிட்டு, "லூர்து, இந்த மாசம் அன்பியக் கூட்டத்தை ஒன் வூட்டுலயே வெச்சிக்கலாம். ஜெபம் முடிஞ்சதும் பத்து நிமிஷம் இதையே பேசு" என்றார். அன்பியம் என்பது எங்கள் தெருக்களின் கிறிஸ்தவக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற கூட்டம். பத்து நிமிஷம் எனக்கு எந்த மூலைக்கு? நகராட்சியின் சுகாதார ஆய்வாளரையே சிறப்பு விருந்தினராக அழைத்துவிட்டேன். எங்கள் வீட்டை ஒரு மாதிரி வீடாக அவர் பார்க்க வேண்டும் என்பது உள்நோக்கம்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு. டீ கப் முப்பது வேண்டும் என்று ஸ்டெல்லா கேட்டதும் ஜரினா அக்கா தன் சரக்கிலிருந்தே எடுத்துக் கழுவிக் கொண்டு வந்தார். கூடவே, செய்து காட்டுவதற்கு என்று நான் கேட்டிருந்த பெரிய வெள்ளைக் கிண்ணம் ஒன்று. "நீங்களும் இருங்க அக்கா" என்று ஸ்டெல்லா பிடித்து உட்கார வைத்துவிட்டாள். மனு போனதை ஸ்டெல்லாவிடம்கூட நான் சொல்லவில்லை.

எங்கள் நிலைவாசல் பக்கத்தில் ஒரு தீர்த்தத் தொட்டி மாட்டியிருக்கும். கத்தோலிக்க வீடுகளில் இருப்பதுதான். மந்திரித்த தண்ணீரை விட்டு வைத்து, உள்ளே வருகிறவர்கள் விரலால் தொட்டுச் சிலுவை போட்டுக்கொள்வது. மற்ற வீடுகளில் உள்ளங்கை அளவு இருக்கும். எங்களுடையதைச் செய்து கொடுத்தது ஸ்டெல்லாவின் அண்ணன் அந்தோணி, ஒரு யூனிட்டில் சூளை வேலை. சூளையில் வைத்தால் பீங்கான் சுருங்கும் என்பதால் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். அந்தோணி பாசத்தில் ரொம்பவே பெரிதாகச் செய்துவிட்டார். "சுருங்கும்னு நெனச்சேன் மாப்ள, அது ரோஷக்கார மண்ணு" என்று கல்யாணத்தன்று அதைத் தந்தபோது சொன்னார். ஒரு சொம்பு தண்ணீர் பிடிக்கும். கருநீல மெருகு. மேலே இறக்கையோடு ஒரு சம்மனசு (தேவதூதர்), மாறுகண்ணோடு.

வந்த இருபத்தைந்து பேரும் அதில் விரல் நனைத்துத்தான் உள்ளே வந்தார்கள்.

ஜெபம் முடிந்தது. சாமியார் கண்ணைக் காட்டினார். நான் எழுந்தேன். பத்து நிமிஷத்துக்கு முப்பத்தைந்து நிமிஷம் பேசினேன். டயர், சிரட்டை, தட்டு என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். பிறகு அந்த வெள்ளைக் கிண்ணத்தை எடுத்தேன்.

"கருப்புப் பாத்திரத்துல, நீலப் பாத்திரத்துல புழு இருந்தா கண்ணுக்குத் தெரியாது. அதனால சந்தேகமா இருக்கற தண்ணிய இந்த மாதிரி வெள்ளைக் கிண்ணத்துல ஊத்திப் பாருங்க. நெளியறது பளிச்சுன்னு தெரியும். அழுக்கு வூட்டுலதான் கொசு இருக்கும்னு இல்லீங்க. அசட்டையா இருக்கற வூட்டுல இருக்கும்."

கை தட்டினார்கள். சுகாதார ஆய்வாளர் பேச எழுந்தார். நல்ல மனிதர். அதுதான் வினை.

"சார் மாதிரி தெருவுக்கு ஒருத்தர் இருந்தா எங்களுக்கு வேலையே இல்லீங்க. வூடு பூரா பார்த்துட்டேன், ஒரு கொறையும் இல்ல. போன வாரம் பக்கத்து வூட்டு ஜாடியப் பத்தி மனு போட்டதும் சார்தானே? போன்ல கேட்ட கொரல் இன்னும் காதுல இருக்குது. 'பொதுமக்கள் பேசறேன்'னாரு பாருங்க!" என்று சிரித்தார். "நேத்துதான் நாங்களும் ஆளுங்களோட போயி முந்நூறு ஜாடியையும் பார்த்தோம். ஒரு புழு இல்லீங்க. அந்தம்மா எல்லாத்தையும் தலைகீழா கவுத்து அடுக்கி, மேல தார்ப்பாய் போட்டு வெச்சிருக்காங்க. அவங்களையும் பாராட்டணும்."

பின்வரிசையில் ஜரினா அக்கா மடியில் டீ கப்போடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். யாரோ புது ஆள் வந்திருக்கிறாரே என்பது போலப் பார்த்தார்.

"நீங்களா தம்பி?" என்றார்.

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பவே இல்லை. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.

நிலைமையைக் காப்பாற்றலாம் என்று சாமியார் சட்டென எழுந்தார். "சரி, சரி. வூட்டை மந்திரிச்சிட்டுக் கெளம்பலாம். அடடா, தீர்த்தம் எடுத்து வர மறந்துட்டேனே. பரவால்ல, இங்கதான் தாராளமா இருக்குதே" என்று நிலைவாசலுக்குப் போய், அந்தோணி செய்த தொட்டியை ஆணியிலிருந்து கழற்றி, கைக்கு அருகில் இருந்த பாத்திரத்தில் ஊற்றினார்.

கைக்கு அருகில் இருந்தது வெள்ளைக் கிண்ணம்.

ஜெபத்தை ஆரம்பித்துவிட்டு விரலை விடப் போனவர் நிறுத்தினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார்.

"லூர்து."

"சாமி?"

"இது என்னாப்பா ஆடுது?"

ஆடியது ஒன்று இரண்டு இல்லை. மேலே வந்து மூச்சு வாங்குவதும், தலைகீழாகக் குதிப்பதும், நெளிந்து எழுத்து எழுதுவதுமாக ஒரு பள்ளிக்கூடமே இருந்தது. நான் சொன்னது சரிதான். வெள்ளைக் கிண்ணத்தில் பளிச்சென்று தெரிந்தது.

இருபத்தைந்து பேரும் ஒரே நேரத்தில் தங்கள் விரலைப் பார்த்தார்கள். பிறகு நெற்றியைத் துடைத்தார்கள்.

சுகாதார ஆய்வாளரோடு வந்திருந்த பணியாளர் மகேஸ்வரி டார்ச்சை அடித்துப் பார்த்தார். "சார், இது வரிக்கொசுப் புழுதான். தண்ணிய எப்ப மாத்துனீங்க?"

மாற்றுவதா? மந்திரித்த தண்ணீரை யாராவது கொட்டுவார்களா? மாமியார் வேளாங்கண்ணியிலிருந்து ஒரு கேன் நிறையக் கொண்டு வந்திருந்தார். குறையக் குறைய ஞாயிறுதோறும் நானே பக்தியாக மேலே மேலே விட்டு வந்தேன். வீட்டில் நான் கவிழ்க்காத ஒரே பாத்திரம் அதுதான்.

"கல்யாணத்துலேர்ந்து" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"அப்ப காய்ச்சலும் இங்கேர்ந்தே வந்திருக்கும் சார்" என்றார் மகேஸ்வரி, ஆறுதல் சொல்கிற குரலில்.

முதலில் சிரித்தது யாரென்று தெரியாது. சாமியாராக இருக்கலாம் என்று ஒரு சந்தேகம் உண்டு. இருமல் என்று அவர் சாதித்தார். அதற்குள் அடுத்த சிக்கல் வந்துவிட்டது: இந்தத் தண்ணீரை என்ன செய்வது?

"ஒரு சொட்டு மருந்து வுட்டா போதுங்க" என்றார் ஆய்வாளர்.

"தீர்த்தத்துலயா?" என்று நாலைந்து குரல்கள் பதறின.

"அப்ப சாக்கடையில ஊத்திடலாம்."

"தீர்த்தத்தையா!"

ஆய்வாளர் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கினார். அவர் படித்த சட்டதிட்டங்களில் இதற்கு இடம் இல்லை. கடைசியில் சாமியார் வழி சொன்னார். தீர்த்தத்தை மண்ணில், காலடி படாத இடத்தில் ஊற்றலாம். காய்ந்த மண்ணில் புழு பிழைக்காது என்று மகேஸ்வரியும் ஒத்துக்கொண்டார். சுகாதாரமும் சமயமும் கைகோத்து, கிண்ணத்தை ஏந்திய சாமியார் முன்னே, நான் பின்னே, எங்களுக்குப் பின்னால் இருபத்தைந்து பேர் என்று ஊர்வலமாகக் கொல்லைக்குப் போனோம். முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டுக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார். பழக்க தோஷத்தில் ஒரு பெரியவர் "ஆமென்" என்றார். குருவானவர் முன்னிலையில் நல்லடக்கம் கண்ட கொசுக்கள் வேறு எங்கும் இருக்குமா என்று எனக்குத் தெரியாது.

திரும்பி வந்தபோது ஜரினா அக்கா முப்பது கப்பையும் கழுவிக் கூடையில் அடுக்கியிருந்தார். வெள்ளைக் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கினார். கூடையின் மேல் கவிழ்த்து வைத்தார். போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு ஸ்டெல்லா கேட்டாள்: "ஆறு நாளு கஞ்சிங்க. ஒரு நாளாவது அவங்க ஞாபகம் வரலையா ஒங்களுக்கு, அந்த மனுவ எழுதறப்ப?"

அன்றைக்கு நடந்த அத்தனையிலும் சிரிக்க முடியாதது அந்தக் கேள்வி ஒன்றுதான்.

மறுநாள் பூசை முடிந்ததும் நேராக அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். காலையில் அடித்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. அக்கா தார்ப்பாயை விலக்கி, சாய்ந்த ஜாடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் ஒரு நீண்ட மன்னிப்பை ஒத்திகை பார்த்து வந்திருந்தேன்.

"அக்கா, தப்புப் பண்ணிட்டேன்" என்று மட்டும் வந்தது.

அவர் நிமிரவில்லை. "எனக்கும் மூணு புள்ளைங்க இருக்குது தம்பி. கொசு வந்தா சுவத்துக்கு அந்தப் பக்கம் மட்டுந்தான் கடிக்கும்னு நெனைப்பேனா? ஒரு வார்த்தை, 'அக்கா, தண்ணி நிக்குதா'ன்னு கேட்டிருந்தா, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி காமிச்சிருப்பேனே."

"ஆமாக்கா."

"கேக்கத் தெரியாத வாயி, எழுத மட்டும் தெரியுதா?"

"ஆமாக்கா."

கொஞ்ச நேரம் துடைத்தார். பிறகு ஒரு பழைய துணியை என் பக்கம் எறிந்தார். "நிக்கறீங்களே, அந்த வரிசைய கவுத்து வையுங்க. ஒடச்சா இன்னொரு மனு போடுவேன். நகராட்சிக்கு இல்ல, ஸ்டெல்லாகிட்ட."

அன்று நூற்றிருபது ஜாடி கவிழ்த்தேன். போகும்போது அக்கா உள்ளேயிருந்து ஒரு டம்ளரில் கஞ்சி கொண்டு வந்து நீட்டினார். குடித்தேன். முகம் சுளிக்கவில்லை.

அது தண்டனையா, மன்னிப்பா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. ஆனால் அது அன்றோடு முடியவில்லை. ஒவ்வொரு மழைக்கும் மதிலுக்கு மேல் அக்காவின் முகம் தெரியும். "லூர்து தம்பி, மழை வுட்டுடுச்சு!" நான் துணியோடு கிளம்பிவிடுவேன். அக்காவின் கணவர் குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, நாமாவது செய்வோமே என்று ஒரு ஜாடியை எடுத்திருக்கிறார். "வெச்சிடுங்க, அதுக்கு ஆளு இருக்குது" என்றாராம் அக்கா.

மகள் பிறந்தாள். நடக்கத் தொடங்கியதும் அவளும் என் பின்னாலேயே வந்து சின்னக் கப்புகளைக் கவிழ்ப்பாள். இப்போது இரண்டாம் வகுப்பு. போன மாதம் வகுப்பில் மிஸ் ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டிருக்கிறார். டிரைவர், டீச்சர், பெண்ணாடம் சக்கரை மில்லு என்று வரிசையாகச் சொல்லி வர, என் மகள் எழுந்து, "எங்கப்பா மழை பேஞ்சா பக்கத்து வூட்டுக்குப் போயி ஜாடி கவுப்பாங்க மிஸ்" என்றிருக்கிறாள்.

பெற்றோர் கூட்டத்தில் அந்த மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரொம்பத் தயங்கி, "சார், பாப்பா சொன்னது... நீங்க அந்த வேலைதான் பாக்கறீங்களா?" என்று கேட்டார்.

பக்கத்தில் ஸ்டெல்லா உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

"ஆமாங்க மிஸ்" என்றேன். "ஐப்பசி, கார்த்திகையில லீவே கெடைக்காது."